தபால் மூட்டைக்கு வைத்த பொட்டு

தணிகாசலத்தை யாராவது நல்லவன் என்று சொன்னால் எனக்குக் கோபம் வரும். நல்லவன்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் ஒரு நல்லவனோடு பழகுவது எவ்வளவு கஷ்டம் என்பது சொல்கிறவர்களுக்குத் தெரியாது. அவனை வைத்துக்கொண்டு ஒரு சின்னப் பொய்கூடச் சொல்ல முடியாது. வண்டியை எஃப்.சி. காட்டப் போன இடத்தில், இன்ஸ்பெக்டர் கேட்காமலே, ஹேண்ட் பிரேக் கொஞ்சம் லேசாகத்தான் பிடிக்கிறது என்று அவனாகவே சொன்னான். மறுபடியும் அந்த வண்டிக்கு அடியில் போய்ப் படுத்தது நான்.

நான் முருகையன். ரெட்டியார்பாளையத்தில் விழுப்புரம் ரோட்டை ஒட்டி மெக்கானிக் ஷெட் வைத்திருக்கிறேன். தணிகாசலம் இன்றைக்குத் தபால் வேன் ஓட்டுகிறான் என்றால் அதில் என் கிரீஸ் கைக்கும் பங்கு உண்டு. அதனால் அவன் கதையைச் சொல்ல எனக்குப் பாத்தியதை இருக்கிறது என்று நினைக்கிறேன்.

முதலில் அவன் பஞ்சாலைத் தொழிலாளி. ஆலையில் பஞ்சு ஏற்றும் லாரிக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து உட்கார்ந்தே ஓட்டக் கற்றுக்கொண்டான். ஆலையில் வேலை கொடுப்பதும் நிறுத்துவதுமாக இழுத்தடித்தபோது, லைசென்சும் பேட்ஜும் எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டான். கொஞ்ச காலம் ஒரு சொல்தா வீட்டில் கார் ஓட்டினான். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். அந்த வீட்டு முசே, நம் பேச்சில் ஐயா, இவனைத் தன் தம்பி போல வைத்திருந்தார். ஆனால் அவருக்கு வயதாகி, பாரீசில் இருக்கும் மகளோடு போய்ச் சேர்ந்துவிட்டார். அதற்குப் பிறகு இவன் ஆக்டிங் டிரைவர். யாருக்காவது டிரைவர் வராவிட்டால் இவனைக் கூப்பிடுவார்கள். கல்யாணம், திருப்பதி, ஏர்போர்ட். கூப்பிடாவிட்டால் என் ஷெட்டில் வந்து உட்கார்ந்திருப்பான். நான் கேட்காமலே ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பான், அதுவும் தப்பான ஸ்பேனர்.

அவன் மனைவி ஆதிலட்சுமி வீட்டிலேயே ஜாக்கெட் தைப்பாள். என்னை அண்ணே என்று கூப்பிடுவாள். நான்கு பேர் வேலையை ஒருத்தியாகச் செய்கிற பெண். வாயைத் திறந்து ஒரு குறை சொல்லமாட்டாள், அதற்குப் பதிலாக எல்லாச் சாமிக்கும் நேர்ந்துகொள்வாள். எனக்குச் சாமி பூசையில் அவ்வளவு பிடிப்பு கிடையாது. எஞ்சினுக்கு ஆயில்தான் ஊற்ற வேண்டும், தேங்காய்த் தண்ணீர் ஊற்றினால் ஓடாது என்று அவளிடம் வம்புக்கிழுப்பேன். அவள் சிரித்துக்கொண்டே போய்விடுவாள்.

இரண்டாயிரத்து நாலாம் வருஷம், சித்திரையோ வைகாசியோ, தபால் ஆபீசுக்கு ஸ்டாம்ப் வாங்கப் போன தணிகாசலம் அங்கிருந்து நேராக என் ஷெட்டுக்கு வந்தான். வேகாத வெயிலில் நடந்தே வந்திருக்கிறான். ஆபீஸ் போர்டில் ஒரு அறிவிப்பு ஒட்டியிருக்கிறதாம். ரயில்வே ஸ்டேஷன் பக்கத்தில் இருக்கிற தபால் பிரிக்கும் ஆபீசில் காலையில் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு, மேற்கே வழியில் இருக்கிற தபால் ஆபீஸ்களுக்கெல்லாம் இறக்கிவிட்டு, சாயங்காலம் அங்கே சேர்ந்ததை ஏற்றிக்கொண்டு திரும்ப வேண்டும். சொந்த வண்டி வைத்திருக்கும் டிரைவருக்கு ஒப்பந்தம். உன்னிடம் ஏதடா வண்டி, சைக்கிளில் காற்றுகூட இல்லையே என்றேன். அவன் சிரிக்கவில்லை.

"காலையில எந்திரிச்சா எங்க போறதுன்னு தெரிஞ்சாப் போதும்டா எனக்கு. வேற ஒண்ணும் வேணாம்" என்றான்.

மறுநாளே இரண்டு பேரும் வண்டி தேடக் கிளம்பினோம். ஒரு பேக்கரிக்காரர் ரொட்டி ஏற்றிக்கொண்டிருந்த வேன் ஒன்றை விற்பதாகக் கேள்விப்பட்டுப் பிடித்தோம். எஞ்சினைப் பார்த்தபோது எனக்கு அழுகை வந்தது, ஆனால் பாடி நன்றாக இருந்தது. பின்பக்கம் இரும்பு வலை அடித்து, பெரிய பூட்டு மாட்டி, சிவப்புப் பெயிண்ட் அடித்தேன். எத்தனை கழுவினாலும் உள்ளே வெண்ணெய் பிஸ்கட் வாசனை மட்டும் போகவில்லை. இவன் எழுதிக்கொடுத்த டெண்டர் ஏற்கப்பட்டது. போலீஸ் விசாரணைக்கு வந்த ஏட்டு என்னிடமும் கேட்டார், ஆள் எப்படி என்று. அவனுக்குத் தப்புப் பண்ணத் தெரிந்திருந்தால் நாங்கள் இரண்டு பேரும் எப்போதோ மாடி வீடு கட்டியிருப்போம் என்றேன். ஏட்டு எழுதாமலே சிரித்துக்கொண்டு போனார்.

வேலைக்கு முன்னால் அவனைக் கூப்பிட்டு விதிகளைச் சொல்லி அனுப்பினார்கள். அவன் வந்து என்னையும் ஆதிலட்சுமியையும் உட்கார வைத்துப் பாடம் நடத்தினான். ஒவ்வொரு பையின் கழுத்தையும் சணல் கயிற்றால் கட்டி, முடிச்சின் மேல் அரக்கை உருக்கி ஊற்றி, அனுப்புகிற ஆபீசின் முத்திரையைப் பதிப்பார்கள். அந்த அரக்குதான் உயிர். அதில் எழுத்து தெளிவாகத் தெரிய வேண்டும், கீறல் விழுந்திருக்கக் கூடாது. இல்லையென்றால் வாங்குகிற ஆபீஸ் பையைத் தொடாது. யாரோ வழியில் பிரித்துப் பார்த்துவிட்டார்கள் என்றுதான் அர்த்தம். வேனில் வெளியாளை ஏற்றக் கூடாது. ஆபீசைத் தவிர வேறெங்கும் நிறுத்தக் கூடாது. முதல் மூன்று மாதம் பார்ப்பார்கள். அதற்குள் பையைப் பற்றி ஒரு புகார் எழுதப்பட்டாலும் ஒப்பந்தம் ரத்து. ஆதிலட்சுமி பித்தான் தைத்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டாள். எந்தக் காதில் வாங்கினாளோ தெரியவில்லை.

ஜூலை முதல் தேதி ஆரம்பம். ஆடி பிறப்பதற்குள் தொடங்குகிறதே என்று அவளுக்கு நிம்மதி. அப்புறம் காலண்டரைப் பார்த்தால் வியாழக்கிழமை. வியாழக்கிழமை விடிந்ததும் எமகண்டம். இவன் மூட்டை ஏற்றிக்கொண்டு கிளம்புகிற நேரம் சரியாக அதில் வந்து விழுகிறது. சர்க்காருக்கு எமகண்டம் கிடையாதே. விடிவதற்கு முன்னால் வீட்டு வாசலிலேயே பூசை போட்டுவிடலாமே என்று நான்தான் சொன்னேன், எனக்கே பிடிக்காத விஷயத்துக்கு யோசனை வேறு.

"காலி வண்டிக்கா பூச போடுவாங்க அண்ணே? சரக்கு ஏறினப்புறந்தான அது பொழப்பு" என்றாள்.

ஆகவே எமகண்டம் கழிந்த பிறகு, வேன் எங்கள் பக்கமாக வருகிற நேரத்தில், ரோட்டோரம் பூசைத் தட்டோடு அவள் நிற்பதாக ஏற்பாடு. ஒரு நிமிஷம், இறங்கக்கூட வேண்டாம் என்றாள். ஊரில் எந்தப் புது வண்டியும் எலுமிச்சம்பழம் நசுக்காமல் ஓடியதில்லை, தணிகாசலத்துக்கும் உள்ளுக்குள் பயம் இருந்தது. விதி விதி என்று பேசியவன் சரி என்று தலையாட்டிவிட்டான்.

அன்று காலை நான் என் டி.வி.எஸ். ஃபிப்டியில் வேனுக்குப் பின்னாலேயே வந்தேன். வெளியாளை ஏற்றக் கூடாதென்றால் வெளியாள் பின்னால் வரக் கூடாதென்று விதி இல்லை. அந்த எஞ்சினைக் கட்டியவன் என்கிற முறையில் அதன்மேல் எனக்குத் துளி நம்பிக்கை இல்லை. பெட்ரோல் பங்க் தாண்டியதும் ஆதிலட்சுமி நின்றிருந்தாள். பட்டுப் புடவை, தலை நிறையப் பூ. வேன் நின்றது. சக்கரங்களுக்கு எலுமிச்சம்பழம் வைத்தாள், கண்ணாடிக்கு, ஸ்டியரிங்குக்கு, டூல்ஸ் பெட்டிக்கு எல்லாம் பொட்டு வைத்தாள். என் டி.வி.எஸ். பக்கமும் கையை நீட்டினாள். என் வண்டிக்குப் பெட்ரோலே போதும் என்று விரட்டிவிட்டேன்.

அப்புறம் பின்கதவைத் திறங்க, உள்ளே சூடம் காட்ட வேண்டும் என்றாள். தபால் பக்கத்தில் நெருப்பா, கூடவே கூடாது என்றான். அந்த அளவுக்கு அவனுக்கு ஞாபகம் இருந்தது. சரி, பொட்டு மட்டும் என்றாள். அவன் பூட்டைத் திறந்துவிட்டுவிட்டு, முன் சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நேராக இருக்கிறதா என்று குனிந்து பார்க்கப் போனான். நான் சைலன்சரில் வருகிற புகையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு ஆம்பிளைகளும் இந்த லட்சணத்தில் இருந்தோம். கதவை மூட அவன் திரும்பி வந்தபோது ஆதிலட்சுமி எல்லா மூட்டைக்கும் பொட்டு வைத்து முடித்திருந்தாள். சாக்கில் வைத்திருந்தால் பரவாயில்லை. ஒவ்வொரு பையின் கழுத்திலும் வட்டமாக அரக்கு இருக்கிறதே, நெற்றி மாதிரி. அதன் மேல்தான் சந்தனத்தை அப்பி, நடுவில் குங்குமமும் வைத்திருந்தாள். ஒரு பையின் முத்திரையும் கண்ணுக்குத் தெரியவில்லை.

அவன் முகம் வெளுத்துவிட்டது. நான் சட்டென்று இடுப்பில் இருந்த வேஸ்ட் துணியை உருவி, ஈரம் காய்வதற்குள் துடைத்துவிடலாம், எவனுக்குத் தெரியப்போகிறது என்று வேனுக்குள் கையை விட்டேன். அவன் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். அப்படி ஒரு பிடியை அவனிடம் நான் பார்த்ததே இல்லை.

"தொடாதடா. அரக்குல நம்ம கை படக்கூடாது."

"அப்ப வேலை போவட்டுமா?"

"போனாப் போவுது" என்றான். கதவைப் பூட்டினான். ஆதிலட்சுமியிடம் வீட்டுக்குப் போ என்று மட்டும் சொன்னான். அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. தட்டைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு வேன் போனது. நானும் பின்னால் போனேன்.

முதல் ஆபீஸ் பக்கத்திலேயே இருந்தது. எந்த ஆபீஸ் என்று சொல்லமாட்டேன், அந்த அம்மாவுக்குப் பிடிக்காது. நிர்மலாதேவி என்று பெயர். போஸ்ட் மாஸ்டர். கண்டிப்பானவர் என்று ஏரியா முழுக்கப் பேர். கவுண்டரில் வரிசையை மீறினால் வார்டு கவுன்சிலரையே பின்னால் போய் நிற்கச் சொல்லுவாராம். நான் ஜன்னலுக்கு வெளியே நின்றேன். தணிகாசலம் கைகட்டிக்கொண்டு, பையை இறக்குவதற்கு முன்னால் ஒன்று சொல்ல வேண்டும் என்று ஆரம்பித்து, வழியில் நிறுத்தியது, கதவைத் திறந்தது, பொட்டு வைத்தது எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். எதையாவது விட்டுவிடுவானா என்று பார்த்தேன். ஒன்றையும் விடவில்லை.

அந்த அம்மா கேட்டுக்கொண்டே வந்து வேனுக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு அவனைப் பார்த்தார். மூட்டைக்கு எதற்குப் பொட்டு என்று கேட்டார்.

"இனிமே இதுதான் நமக்குச் சோறு போடப்போவுதுன்னு வச்சிட்டாங்கம்மா. தப்பு என்னுதுதான். கதவத் தெறந்தது நான்."

"நீங்க துடைச்சுப் பாத்தீங்களா?"

"இல்லம்மா. கை வைக்கல."

அவர் அம்மாவாசை என்கிற போஸ்ட்மேனைச் சாட்சிக்குக் கூப்பிட்டார். தன் ஆபீஸ் பையை மட்டும் மேசைமேல் வைக்கச் சொல்லி, ஃபேனை வேகமாக வைத்தார். சந்தனம் காய்ந்து வெடிக்கும் வரைக்கும் காத்திருந்தார். தேதி முத்திரையைச் சுத்தம் பண்ணுகிற சின்ன பிரஷ் ஒன்றை எடுத்து, தூசி தட்டுவது போல மெதுவாகத் தட்டினார். சந்தனம் பொடிப்பொடியாக உதிர்ந்தது. அடியில் எழுத்துகள் பளிச்சென்று இருந்தன. அம்மாவாசையிடம் காட்டினார். அவரும் குனிந்து பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

"ஈரத்துல துடைச்சிருந்தா அரக்கு இழுபட்டுக் கீறல் விழுந்திருக்கும். அப்ப நான் வாங்கியிருக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

எனக்கு உயிர் வந்தது. அதே கையோடு மற்ற பைகளையும் தட்டிக் கொடுத்துவிட்டால் முடிந்ததே என்று உள்ளே ஓடினேன். நீங்கள் யார் என்றார். மெக்கானிக் என்றேன். வெளியில் நில்லுங்கள் என்றார். மற்றவை வேறு ஆபீசுக்குப் போகிற பைகள், அந்தந்த ஆபீஸ்காரர்தான் தொட வேண்டும், எனக்கு உரிமை இல்லை என்று தணிகாசலத்திடம் சொன்னார். நேரமாகிறது கிளம்புங்கள் என்றும் சொன்னார். அவ்வளவுதான். ஆறுதலாக ஒரு வார்த்தை கிடையாது.

அடுத்த ஆபீஸ் வரைக்கும் நான் அந்த அம்மாவைத் திட்டிக்கொண்டே போனேன். கல் நெஞ்சுக்காரி, பிரஷ்ஷில் நாலு தட்டுத் தட்டினால் குறைந்தா போய்விடுவார். ஒரு ஆள் தப்பவிட்டார் என்றால் எல்லோரும் விடுவார்களா. அங்கே இருக்கிறவர் பையைத் திருப்பி அனுப்பினால் கதை முடிந்தது. ஆனால் அங்கே போனால், போஸ்ட் மாஸ்டர் வாசலிலேயே நின்றிருந்தார், கையில் பிரஷ். தணிகாசலம் வாயைத் திறப்பதற்குள் தெரியும் தெரியும் என்று கையமர்த்தி, ஒரு ஆளைச் சாட்சிக்கு வைத்துக்கொண்டு, தட்டிப் பார்த்து வாங்கிக்கொண்டார். அதற்கடுத்த ஆபீசிலும் அப்படியே. எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. ஒருவேளை ஆதிலட்சுமியின் சாமிகள் வேலை செய்கிறார்களோ என்று ஒரு நிமிஷம் எனக்கே தோன்றியது.

கடைசி ஆபீஸ் வயல்காட்டை ஒட்டி ஓட்டு வீட்டில் இருந்தது. அங்கிருந்தவர் ரிட்டயர்மென்ட்டுக்குக் காத்திருக்கிற மனிதர், பேச்சுக்கு ஆள் கிடைத்தால் விடமாட்டார் போலிருந்தது. பிரஷ் கிடைக்காமல் பெயிண்ட் பிரஷ் ஒன்றைத் தயாராக வைத்திருந்தார். சந்தனத்தைத் தட்டிக்கொண்டே, பொட்டு வைத்தது உங்கள் வீட்டம்மாவா என்று விசாரித்தார். உங்களுக்கு எப்படித் தெரியும் என்று தணிகாசலம் கேட்டான்.

"நிர்மலாதேவி அம்மா எல்லா ஆபீசுக்கும் போன் போட்டாங்களே. பையில சந்தனம் இருக்கு, உள்ள அரக்கு நல்லாருக்கும், டிரைவர் கை வைக்கல, அவரே வந்து சொன்னாரு, நெதானமா தட்டி எடுத்துக்கங்கன்னு சொன்னாங்க."

தணிகாசலம் அந்த ஆபீஸ் படியில் உட்கார்ந்துவிட்டான். கழுத்துத் துண்டை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதான். ஆலையை விட்டு வந்தபோதுகூட அவன் அழுது நான் பார்த்ததில்லை. வழி முழுக்கத் திட்டிய வாயை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வதென்று எனக்குத் தெரியவில்லை. அந்தப் பெரியவரிடம் ஒரு சொம்பு தண்ணீர் வாங்கி ரேடியேட்டரில் ஊற்றினேன். ரேடியேட்டரில் ஏற்கெனவே தண்ணீர் இருந்தது.

சாயங்காலம் ஸ்டேஷன் பக்கத்து ஆபீசில் மேலதிகாரி அவனைக் கூப்பிட்டுக் காய்ச்சி எடுத்தார். வழியில் நிறுத்தியதற்கு எச்சரிக்கை, இனிமேல் நடந்தால் நடப்பது வேறு என்றார். பைகளைப் பற்றிப் புகார் ஒன்றும் வரவில்லை, எல்லா ஆபீசும் நல்லபடியாக வாங்கிக்கொண்டதாகச் சொல்லிவிட்டது என்றும் அவர்தான் சொன்னார். வேலை நிலைத்தது.

வேலை நிலைத்தது, ஆனால் ஆதிலட்சுமி ஒடிந்துபோனாள். அன்று நாங்கள் வீட்டுக்குப் போனபோது தையல் மெஷின் மூடியே கிடந்தது. அதே பட்டுப் புடவையோடு பட்டினியாக உட்கார்ந்திருந்தாள். நடந்ததையெல்லாம் சொல்லிச் சிரிக்கப் பார்த்தோம். அவள் சிரிக்கவில்லை. வருகிற சோற்றை நானே தட்டிவிடப் பார்த்தேனே என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு வேன் இருக்கிற பக்கமே போகமாட்டாள். வெள்ளிக்கிழமை வீடு முழுக்க மஞ்சள் குங்குமம் வைப்பாள், வாசலில் நிற்கிற வேனுக்கு வைக்கமாட்டாள். நீயே வை என்று அவன் கெஞ்சினால், என் கை வேண்டாம் என்பாள். ஊரில் எத்தனையோ கோபக்காரிகளைப் பார்த்திருக்கிறேன், தன்மேலேயே இத்தனை நாள் கோபமாக இருந்தவள் இவள்தான்.

மூன்று மாதம் ஓடியது. மழையிலும் வெயிலிலும் ஒரு பை தவறவில்லை, அந்த எஞ்சினும் என் மானத்தைக் காப்பாற்றியது. ஒப்பந்தத்தை நீட்டித்து உத்தரவு வந்தது. அந்த உத்தரவு வந்து சில நாளில் ஆயுத பூசை. லீவுக்கு முந்தின நாள் சாயங்காலமே ஆபீசில் பூசை வைத்துவிடுவார்கள். அன்று காலையில் பையை வாங்கும்போது நிர்மலாதேவி அம்மா தணிகாசலத்திடம், சாயங்காலம் உங்கள் மனைவியை அழைத்துக்கொண்டு வாருங்கள் என்றாராம். காரணம் சொல்லவில்லை.

ஆதிலட்சுமி நடுங்கிவிட்டாள். இத்தனை நாள் கழித்துத் திட்டக் கூப்பிடுகிறார்கள் என்றே நினைத்தாள். அண்ணே நீங்களும் வாங்க என்றாள். என்னை வெளியே நிற்கச் சொன்னவர்தானே அந்த அம்மா என்று எனக்கும் தயக்கம், இருந்தாலும் சட்டையை மாற்றிக்கொண்டு போனேன்.

ஆபீசைக் கழுவித் தோரணம் கட்டியிருந்தார்கள். மேசையில் தராசு, தேதி முத்திரைகள், அரக்கு உருக்குகிற விளக்கு எல்லாம் வரிசையாக இருந்தன. பொரிகடலை, சுண்டல். அம்மாவாசையின் சைக்கிள்கூடப் பூ வைத்துக்கொண்டு சுவரோரம் நின்றது. நடுவில், வாழையிலை மேல், ஒரு தபால் பை. துவைத்து, மடித்து வைத்திருந்தார்கள். காலிப் பை. கயிறு இல்லை, அரக்கு இல்லை. எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்திருந்தது, அந்தப் பைக்கு மட்டும் வைக்கவில்லை.

நிர்மலாதேவி அம்மா சந்தனக் கிண்ணத்தை எடுத்து ஆதிலட்சுமி முன்னால் நீட்டினார்.

"இதுல முத்திரை கிடையாதும்மா. நல்லா தாராளமா வைங்க. எங்களுக்கும் இதுதான் சோறு போடுது."

ஆதிலட்சுமி கிண்ணத்தைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள். கையை நீட்டினாள். சந்தனத்தைத் தொட்டு, பையின் நடுவில் வைத்து, அதன்மேல் குங்குமம் வைத்தாள். வைத்த கையை எடுக்காமலே அழுதாள். அந்த அம்மா அவள் தோளில் கையை வைத்துக்கொண்டு நின்றார். உலகத்தில் இப்படியும் மனுஷர்கள் இருக்கிறார்களே என்று அந்த இடத்திலேயே கும்பிட வேண்டும் போலிருந்தது, கும்பிட்டேன். யாரும் பார்க்கவில்லை.

இன்றைக்கும் ஒவ்வொரு ஆயுத பூசைக்கும் அந்த ஆபீசில் ஒரு காலிப் பை எடுத்து வைக்கிறார்கள். நிர்மலாதேவி அம்மா மாற்றலாகிப் போய்விட்டார், பிறகு வந்தவர்களும் வைக்கிறார்கள். ஏன் என்று அவர்களுக்குத் தெரியுமோ என்னவோ.

அன்று பூசை முடிந்ததும் ஆதிலட்சுமி கிண்ணத்தைக் கையோடு வெளியே கொண்டுவந்தாள். யாரும் சொல்லாமலே வேனிடம் போய், முன்கண்ணாடிக்குப் பொட்டு வைத்தாள், கதவுக்கு வைத்தாள். தணிகாசலம் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் திரும்பி, மிச்சச் சந்தனத்தோடு என் டி.வி.எஸ். பக்கம் வந்து, என்னைப் பார்த்துக்கொண்டே நின்றாள். ஹேண்டில்பாரைத் துடைத்து அவள் பக்கமாகத் திருப்பி வைத்தேன்.